ஒன்றரை அடி உயரத்தில் ஒரு ஜன்னல்

எங்கள் கோயிலில் ஜெபத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்காக ஆட்களை முட்டி போட வைத்தவர் ஒருவர்தான். எலக்ட்ரீஷியனைப் போட வைத்தார், கொத்தனாரைப் போட வைத்தார், வெள்ளை அங்கியோடு வந்த பங்குத் தந்தையையும் போட வைத்தார். “ஒரு நிமிஷம் முட்டி போட்டுப் பாத்துடுங்க ஃபாதர்” என்பார். குரலில் கெஞ்சலும் இருக்காது, அதிகாரமும் இருக்காது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி பாஸைக் காட்டச் சொல்வாரே, அந்தக் குரல். எழுந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவும் மாட்டார். சரி, வேலையைப் பாருங்கள் என்று நகர்ந்துவிடுவார்.

என்னையும் போடச் சொன்னார். நான் போடவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோயிலில் பழக்கமாவதற்கு முன்பே அவரைக் கம்பெனியில் தெரியும். சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி. நான் மெயின்டனன்ஸில் ஃபிட்டர், அவர் குவாலிட்டியில் இன்ஸ்பெக்டர். நான் தூத்துக்குடிப் பக்கத்தில் ஐடிஐ முடித்த கையோடு ஓசூருக்கு பஸ் ஏறியவன். அவர் மத்தூர்க்காரர். எல்லாரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேல் வெளுத்துப்போன நீலக் கோட்டு, அதன் பையில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல். கேன்டீனில் சாப்பிடும்போதுகூட அந்த ஸ்கேல் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு சமயம் பேக்கிங்கில் கான்ட்ராக்டில் இருந்த ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்துவதாக இருந்தார்கள். கீறல் விழுந்த பாகங்களைக் கவனிக்காமல் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிடுகிறாள் என்று புகார். சூப்பர்வைசர், எஞ்சினியர் என்று ஒவ்வொருவராக வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். நின்று பார்த்தால் கீறல் பளிச்சென்று தெரிந்தது. இதுகூடவா கண்ணுக்குத் தெரியவில்லை என்று திட்டினார்கள். மேடம் வந்து, அவளை எழுந்திருக்கச் சொல்லி, அவள் ஸ்டூலில் தான் உட்கார்ந்து, அவளைப் போலவே குனிந்து அரை மணி நேரம் பார்த்தார். அந்த உயரத்தில் மேலேயிருக்கும் விளக்கு வெளிச்சம் உலோகத்தில் பட்டு நேராகக் கண்ணில் அடித்தது. கீறல் அந்தப் பளபளப்புக்குள் காணாமல் போயிற்று. ஸ்டூலை நாலு விரற்கடை உயர்த்தச் சொன்னார். இரும்புத் துண்டு வெட்டிக் காலுக்குப் பற்றவைத்துக் கொடுத்தவன் நான்தான். அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. எஞ்சினியர் வந்து விசாரித்தபோது மேடம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

“நின்னு பாத்தா தெரியாதுங்க சார்.”

அந்த வாக்கியத்தை அதன்பிறகு அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்று நானே மற்றவர்களிடம் கேலி பேசியிருக்கிறேன். நல்ல வார்த்தையைக் கேலி செய்தே தேய்த்துவிடுவதில் எனக்கு அப்போது ஒரு சாமர்த்தியம் இருந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் சிமென்ட் தரையில் நின்று அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. சீக்கிரமே வேலையிலிருந்து நின்றுகொண்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பாகலூர் ரோட்டில் ஓர் அறையும் சமையலறையும் மட்டுமான வாடகை வீடு. இனி என்ன, ஜெபமாலையும் தைலப் புட்டியுமாகக் காலத்தைத் தள்ளுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரோ சனிக்கிழமைதோறும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய், ஒரு கன்னியர் மடத்தில் ஏதோ பாடம் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்துத் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றோடு பங்குத் தந்தையிடம் வந்து நின்றார். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாண்டிசோரி முறையில் ஞானக் காரியங்களைக் கற்றுக்கொடுக்க ஓர் அறை வேண்டும் என்றார்.

ஃபாதருக்கு மாண்டிசோரி என்றால் எல்கேஜி என்பதுதான் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். கோயிலுக்குப் பின்பக்கம் சப்பரமும் திருவிழாச் சாமான்களும் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்.

அந்த அறையில் கரும்பலகை கிடையாது, பெஞ்சு கிடையாது, டீச்சருக்கு நாற்காலியும் கிடையாது. சுவரோரமாக இடுப்புக்கும் கீழே நிற்கிற மர அலமாரிகள். ஒன்றின் மேல் சின்னப் பீடம், அதற்கேற்ற சின்னக் கிண்ணம், தட்டு, மெழுகுத்திரி. இன்னொன்றில் மரத்தால் செய்த மேய்ப்பரும் ஆடுகளும் பட்டியும். வேறொன்றில் தண்ணீர் ஊற்றிப் பழகக் கண்ணாடிக் குடுவைகள். பிளாஸ்டிக் எதுவும் இல்லை. கண்ணாடி என்றால் நிஜக் கண்ணாடி, திரி என்றால் நிஜமாக எரிகிற திரி. பிள்ளை வந்து தனக்குப் பிடித்ததை எடுத்துப் பாயை விரித்துக்கொள்ளும். மேடம் ஒரே ஒரு தடவை, மிக மெதுவாக, பேச்சில்லாமல் செய்து காட்டுவார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளை தப்பாகச் செய்தாலும் அந்தக் கை மடியை விட்டு நகராது.

அலமாரிகளைச் சுவரில் பொருத்துவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒவ்வொரு தட்டும் எவ்வளவு உயரம் என்பதைப் பங்கிலுள்ள பிள்ளைகளை நிற்கவைத்து அளந்து வைத்திருந்தார். எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டை வழக்கம்போல நம் தோள் உயரத்துக்கு வைக்கப் போனபோதுதான் முதல் முட்டி போடல் நடந்தது. மனிதர் முனகிக்கொண்டே போட்டார். எழுந்து, மறுபேச்சில்லாமல் போர்டை இரண்டடியில் இறக்கினார்.

அடுத்தது ஜன்னல். அந்த அறைக்கு மேலே இரண்டு வென்டிலேட்டர்தான் இருந்தது. கோயில் பக்கத்துச் சுவரை உடைத்து ஜன்னல் வைக்க வேண்டும் என்றார் மேடம். தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கி மூன்றரை அடியில் முடிகிற ஜன்னல். கொத்தனாருக்கு ஆந்திரா, கர்நாடகா எல்லையை ஒட்டிய பேரிகை என்கிற ஊர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாயில் வரும்.

“இது யாருக்கும்மா ஜன்னலு? நாய்க்கா?” என்றார்.

அவர் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. நின்று அந்த வழியாகப் பார்த்தால் டூ வீலர் ஷெட்டின் சேறும் நாலு டயரும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மேடம் கொத்தனாரின் நூல் உருண்டையை வாங்கி, ஒரு முனையை அறைக்குள் தரையில் வைத்த ஸ்டூலில் கட்டிவிட்டு, சுவரில் அடையாளத்துக்குப் போட்டிருந்த துளை வழியாக மறுமுனையை வெளியே விட்டு, அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஜன்னலை ஒரு சாண் இடதுபக்கம் தள்ளி உடைக்கச் சொன்னார். மட்டம் பார்க்கிறார்போலும் என்று நினைத்துக்கொண்டு நான் டிரில்லிங் பிட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்த அன்றுதான் என்னிடம் சொன்னார். “நீங்களும் ஒரு தடவ முட்டி போட்டுப் பாத்துடுங்க சார். உங்க பாப்பா இங்க வரப்போறாளே.”

புதுப் பேன்ட் போட்டிருந்தேன். தரை முழுக்க சிமென்ட் தூள். இன்னொரு நாள் பார்க்கலாம் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் அந்த அறைக்குப் போவாள். பதினைந்து, பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள், பெங்களூர்க் கன்னடம் பேசுகிற இரண்டு பேர், ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. வந்த நாளிலிருந்து ஜன்னல் பக்கம் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வாள், எதையும் தொட மாட்டாள். மூன்று மாதம் மேடம் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போய் அவரும் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துவிட்டு வந்த அவள் அப்பா, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று உடைந்த தமிழில் என்னிடம் விசாரித்தார்.

ஒருநாள் ஒரு பையன் கண்ணாடிக் குடுவையைப் போட்டு உடைத்துவிட்டான். மேடம் சத்தம் போடவில்லை, ஓடவுமில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, சின்னத் துடைப்பத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். அவன் கூட்டிய பிறகு, அவன் பார்க்காத துண்டுகளைத் தான் பொறுக்கினார். அடுத்த வாரமும் அதே மாதிரி கண்ணாடிக் குடுவைதான். அவன் அம்மா என்னிடம் வந்து சண்டைக்கு நின்றார். நான் பங்குப் பேரவைச் செயலாளர். யாருக்கு எது பிடிக்காவிட்டாலும் என் தலையில்தான் விடியும்.

என் மகளிடம் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். இன்னைக்கு என்ன படிச்ச? அவள் சில நாள் தண்ணி ஊத்தினேன் என்பாள், சில நாள் பாய் சுருட்டினேன் என்பாள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். லைட் பாத்தேன்.

லைட்டா?

ஆமாப்பா. உக்காந்து லைட் பாத்தேன்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அவளுக்கு விசுவாச அறிக்கை தெரியாது, பத்துக் கட்டளை தெரியாது. பரலோக மந்திரம் என் மனைவி வீட்டில் சொல்லிக்கொடுத்ததால் தெரிந்தது. அந்த வருஷம் பக்கத்துப் பங்குகளெல்லாம் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்விப் போட்டி வைத்தார்கள். மற்றப் பங்குப் பிள்ளைகள் மைக்கைப் பிடித்துக் கடகடவென்று ஒப்பித்தார்கள். மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று திருப்பாடல் முழுவதையும் மூச்சு விடாமல் சொல்லிக் கைத்தட்டு வாங்கியது. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி மேடையேறி, மைக்கைப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்த மெழுகுத்திரியை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள். சபையில் ஒரே சிரிப்பு. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கை மடியில் இருந்தது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அறைதான் முதல் பொருள். தாய்மார்கள் குறைசொல்கிறார்கள், திருவிழாச் சாமான்களை வைக்க இடமில்லை, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளுக்குப் பதிலாகச் சொந்தமாக வாங்கிய முந்நூறு நாற்காலிகள் மழையில் நனைகின்றன என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். ஃபாதருக்கு மூட மனசில்லை. அவர் என்னைப் பார்த்தார். உங்க பொண்ணு போறால்ல, நீங்க சொல்லுங்க என்றார்.

நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அறை பிழைத்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் கூட்டத்தில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்க வைக்கலாம் என்று தோன்றிவிட்டால் எனக்கு நாக்கு அடங்காது.

“நான் என்னத்த சொல்ல ஃபாதர். ஒரு வருஷமா என் பிள்ளை போறா. என்ன படிச்சன்னு கேட்டா லைட் பாத்தேங்கிறா. டியூப்லைட்டைப் பாக்குறதுக்கு வீட்லயே இருக்கலாமே, நானே போட்டுவிடுவேன்” என்றேன்.

சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது. ஃபாதரும் சிரித்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது. மேடம் கடைசி வரிசையில் இருந்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னிடம் மட்டும் பேசுகிற மாதிரி, அதே செக்யூரிட்டி குரலில் கேட்டார்.

“ஒரு தடவ முட்டி போட்டுப் பாத்தீங்களா சார்?”

நான் பதில் சொல்வதற்குள் யாரோ அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார்கள். அறையை நாற்காலிகளுக்கு ஒதுக்குவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த ஒருமனதில் ஒரு மனம் இல்லை என்பதை எழுதச் சட்டத்தில் இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒழிக்கிற அன்று நானும்தான் அலமாரிகளைக் கழற்றினேன். மாட்டியவன் கழற்றுவதுதானே முறை. மேடம் எதையும் கேட்கவில்லை. ஆடுகளையும் மேய்ப்பரையும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார், ஒரு கண்ணாடிக் குடுவையை மட்டும் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டார். போகும்போது அந்தத் தாழ்ந்த ஜன்னலுக்கு முன்னால் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியாமல் நான்தான் கைகொடுத்தேன். கை சில்லென்று இருந்தது, தைலம் வாசனை அடித்தது. எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இவ்வளவு பிடிவாதம் எதற்கு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று இருந்தது. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டு மத்தூரில் தங்கையோடு போய் இருந்துகொண்டார்.

ஆறு வருஷம் போனது. போன வருஷம் திருவிழாக் கொடியேற்றத்துக்கு நாற்காலி எடுக்க அந்த அறைக்குப் போனேன். ஜன்னல் பக்கத்து அடுக்கில் கால்கள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டு வரவில்லை. ஒன்றை இழுத்தால் நாலு சரிந்தது. வேறு வழியில்லாமல் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு முட்டி போட்டு அடியில் கைவிட்டேன். நாற்காலி விடுபட்டு வந்தது. நிமிர்ந்தேன்.

எதிரே சிவப்பாக ஒரு வெளிச்சம்.

முதலில் என்னவென்று புரியவில்லை. தரையில் நன்றாக உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக, ஷெட்டில் நிற்கும் வண்டிகளுக்கு மேலே, ஷெட் தகரத்துக்குக் கீழே, நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்கு நேரே கோயிலின் பக்கவாசல். பக்கவாசலுக்கு நேரே, உள்ளே இருட்டில், நற்கருணைப் பேழையின் பக்கத்திலிருக்கும் அணையா விளக்கு. வேறு ஒன்றும் தெரியவில்லை. பீடம் தெரியவில்லை, சுரூபம் தெரியவில்லை, ஆட்கள் தெரியவில்லை. ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக நாங்கள் இரவும் பகலும் எரிய விடுகிற அந்த விளக்கு மட்டும், ஜன்னலின் நடுவில். எழுந்து நின்றேன். சேறும் நாலு டயரும். மறுபடி உட்கார்ந்தேன். விளக்கு.

நூல் உருண்டையை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போனார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் என் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்காரச் சொன்னேன். பதினோரு வயசு, உயரமாக வளர்ந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள்.

“ஐ, இன்னும் தெரியுது. இதத்தானப்பா நான் வாராவாரம் சொல்லுவேன். நீ என்னன்னு நெனச்ச?” என்றாள்.

டியூப்லைட் என்று நினைத்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. முதலில் மேடத்தின் மேல்தான் வந்தது. கூட்டத்தில் எழுந்து, அங்கே உட்கார்ந்தால் விளக்குத் தெரியும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. பிறகு அந்தக் கோபம் எங்கே வந்து சேர வேண்டுமோ அங்கே வந்து சேர்ந்தது.

மத்தூர் போய் மேடத்தைப் பார்த்து, பார்த்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். கிருஷ்ணகிரி போய் பஸ் மாறினால் மூன்று மணி நேரம் ஆகாது. அடுத்த ஞாயிறு ஓவர்டைம். அதற்கடுத்த ஞாயிறு மச்சான் வீட்டு விசேஷம். உண்மையில் முகத்தைக் கொண்டுபோய்க் காட்டப் பயம். ஏழெட்டு மாதம் இப்படி அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்றே போயிற்று.

அதற்குள் அந்த அறையில் நாய் ஒன்று புகுந்து நாற்காலிகளுக்கு அடியில் குட்டி போட்டது. பேரவையில் இதுவும் ஒரு பொருளாக வந்தது. ஜன்னல் ரொம்பத் தாழ்வு, ஹாலோ பிளாக் வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். நான் எழுந்தேன். அங்கே உட்கார்ந்து பார்த்தால் அணையா விளக்குத் தெரிகிறது, அதற்காகத்தான் அந்த ஜன்னலை வைத்தார்கள், அடைக்க வேண்டாம் என்றேன். பங்குக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் தலையாட்டினார். பொருளாளர் சின்ன வயசுப் பையன், மரியாதையாகத்தான் கேட்டான்.

“தெரியட்டும்ண்ணே. உள்ள போனா இன்னும் நல்லாவே தெரியுமே?”

ஒரு தடவை முட்டி போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்க வைப்பது என் வேலை என்று அவர்களுக்குப் பழகிவிட்டது, இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த பொருளுக்குப் போனோம். ஒருமனதாக என்று நானே எழுதினேன். அந்த வாரமே அடைத்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு மத்தூருக்குப் போனேன். குருபரப்பள்ளியில் டீ குடிக்க பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தங்கை வீட்டில், மாந்தோப்பைப் பார்த்த அறையில், மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. முட்டிகளை மடக்கவே முடியாது என்று தங்கை சொன்னார். அலமாரியில் அந்தக் கண்ணாடிக் குடுவை இருந்தது.

அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “மேடம், முட்டி போட்டுப் பாத்துட்டேன். லைட் தெரிஞ்சுது.”

அவர் கை மடியில் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

“எந்தப் பக்கமா ஒக்காந்து பாத்தீங்க? எடது பக்கத்துலயா?”

“எடது பக்கந்தான்.”

“அங்கதான் நல்லாத் தெரியும். மழ நாள்ல இன்னும் நல்லாத் தெரியும், வெளிய இருட்டா இருக்குமில்ல” என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கம்பெனியிலும் பார்த்ததில்லை, கோயிலிலும் பார்த்ததில்லை.

அன்னைக்கே ஏன் மேடம் சொல்லலை என்று கேட்டேன். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

“சொல்லியிருந்தா நீங்க நின்னுக்கிட்டே சரின்னு சொல்லியிருப்பீங்க” என்றார்.

கூட்டத்தில் புது ஃபாதர் தலையாட்டியது என் கண் முன்னால் வந்தது.  அவர் கொஞ்ச நேரம் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“ரூம்ல இப்ப சேருங்கதான?”

“ஆமா மேடம்.”

“சேருங்க கெடக்கட்டும். எடுத்தா எடுத்ததுதான். ஜன்னல் இருக்குதுங்கள்ல?”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீறல் இருக்கிறதா என்று பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அந்தக் கண்.

“இருக்குது மேடம்” என்றேன்.

“அது போதும். என்னைக்காவது ஒரு கொழந்த போயி ஒக்காரும்” என்றார்.

தங்கை காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, அடுத்த தடவை மகளைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம் போன் வந்தது.

அடக்கத்துக்கு மகளோடு போனேன். வீட்டு வாசலில் பெட்டியைத் தாழ்வான பெஞ்சில் வைத்திருந்தார்கள். ஊர்ச் சனங்கள்தான், கூட்டம் அதிகமில்லை. மகள் கேட்காமலே பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து அக்காவுக்கு அதே பேச்சுதாங்க. பால்காரன் வந்தாலும் சொல்லுவாங்க, நர்சம்மா வந்தாலும் சொல்லுவாங்க. ஓசூர்ல நம்ம ஜன்னல் இன்னும் இருக்குதாம், ஓசூர்ல நம்ம ஜன்னல் இன்னும் இருக்குதாம்னு.”

நான் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.